திருகோணமலை: துறையும் பொறியும் – 9. இடுப்பொடிந்த டொக்

கிண்ணியாவுக்குப் பாலம் வருவதற்கு முன்பு பாதையில் ஏறிக் கடந்தவர்களுக்கு அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கும். லொறியின் முன்சக்கரம் பாதையின் விளிம்பில் ஏறும். ஏறிய பக்கம் சட்டென்று தாழும். மறுபக்கம் தண்ணீரைவிட்டு நிமிரும். கரையில் நிற்கிற சனம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கும். பாதைக்காரர் மட்டும் லொறிக்கு முகம் காட்டியபடி, கையை வீசி வீசிப் பின்னுக்கு நடந்துகொண்டே இருப்பார். "வா தம்பி, வா... இன்னும் நடுவுக்கு வா... ஆ, நில்!" லொறி நடுவுக்கு வந்ததும் பாதை மட்டத்துக்கு வந்துவிடும். அதன் பிறகுதான் வேன், பிறகு சைக்கிள், கடைசியில் கூடையும் கோழியுமாகச் சனம். இறங்குவதற்கும் ஓர் ஒழுங்கு உண்டு. எதை எங்கே நிறுத்துவது, எதை முதலில் இறக்குவது என்று அவருக்கு யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. காலுக்குக் கீழே பலகை சாய்வதை வைத்துக் கற்றுக்கொண்டது அது.

வெளியூர் வாசகர்களுக்காக ஒரு வரி: ஆற்றையும் களப்பையும் கடக்க வாகனம் ஏற்றும் தட்டையான மிதவையைத்தான் கிழக்கில் 'பாதை' என்போம். திருகோணமலையிலிருந்து மூதூருக்குத் தரைவழியாகப் போனால் கிண்ணியா, உப்பாறு, கங்கை, இறால்குழி என்று ஒன்றன்பின் ஒன்றாக நீரைக் கடக்க வேண்டியிருந்தது. 396 மீட்டர் நீளமான கிண்ணியாப் பாலம் 2009இல்தான் திறக்கப்பட்டது.

அந்தப் பாதைத்துறைக்குச் சில மைல் தூரத்தில், திருகோணமலைத் துறைமுகத்துக்குள், 1944ஆம் ஆண்டு ஆகஸ்ட் 8ஆம் திகதி வேறொரு 'பாதை' உடைந்தது. லொறியை அல்ல, முழுப் போர்க்கப்பலையே தண்ணீருக்கு மேலே தூக்குவதற்காகக் கட்டிய மிதக்கும் டொக் அது. 50,000 டன் தூக்கக்கூடியது. அன்று அதில் ஏறிய கப்பல் அந்த அளவைவிட வெகுவாகக் குறைந்த எடை உடையது. எதிரி விமானம் எதுவும் வரவில்லை, புயலும் அடிக்கவில்லை. ஆனாலும் டொக் நடுவில் முறிந்து அமிழ்ந்தது.

சென்ற வாரம் சீனக்குடா எண்ணெய்க் குதங்களிடையே நின்று 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானத் தாக்குதலைப் பார்த்தோம். குண்டு விழுந்தால் எரியும், உடையும்; அதில் விளங்காதது ஒன்றுமில்லை. 50,000 டன் தூக்குகிற ஒன்று அதைவிடக் குறைந்த பாரத்தில் ஏன் உடைய வேண்டும்? இந்த வாரம் அந்தக் கேள்வியைத்தான் எடுத்துக்கொள்கிறோம்.

பாய்மரம் தேடி வந்தவர்கள்

டொக்கின் கதையைத் தொடங்க முந்நூறு ஆண்டுகள் பின்னால் போக வேண்டும். கப்பல் என்பது ஓயாமல் பழுதாகிக்கொண்டே இருக்கும் ஒரு பொருள். திருகோணமலையின் வரலாற்றில் கோட்டை, பீரங்கி, கொடி எல்லாவற்றுக்கும் அடியில் இந்தச் சாதாரண உண்மை கிடக்கிறது.

1659 நவம்பரில் மசூலிப்பட்டினத்துக்கு அப்பால் சரக்கேற்றிக்கொண்டிருந்த 'ஆன்' என்ற ஆங்கிலக் கப்பல் புயலில் சிக்கியது. கப்பலைக் காப்பாற்றப் பெரிய பாய்மரத்தை வெட்டி விட வேண்டியதாயிற்று. புதுப் பாய்மரம் நாட்டுவதற்காகக் கொட்டியாரக்குடாவுக்கு வந்தார்கள். அங்கே கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் கப்பல் தலைவரையும் அவருடைய மகனையும் வேறு பலரையும் பிடித்துக் கொண்டுபோனார்கள். அந்த மகன்தான் ரொபேர்ட் நொக்ஸ். 1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்தில் கைதியாக இருந்து தப்பியோடி, 1681இல் இலங்கையைப் பற்றிய தன் நூலை வெளியிட்டவர். பதினேழாம் நூற்றாண்டு இலங்கையைப் பற்றி நமக்குக் கிடைத்த மிகச் சிறந்த சாட்சியங்களில் ஒன்று, ஒரு பாய்மரம் போனதால் வந்தது.

வாடைக்காற்று தொடங்கும் ஐப்பசி, கார்த்திகையில் சோழமண்டலக் கரையில் பெரிய கப்பல் ஒதுங்க இடம் கிடையாது. சென்னைக்கு அப்போது துறைமுகமே இல்லை; திறந்த கடலில் நங்கூரமிட்டுத்தான் நிற்க வேண்டும். புயல் வந்தால் ஓட வேண்டும். ஆங்கிலேயக் கடற்படைக்குப் பழுதுபார்க்கும் டொக் இருந்தது மேற்குக் கரையில், பம்பாயில். கிழக்குக் கரையில் எல்லாக் காற்றுக்கும் மறைப்பான, ஆழமான குடா ஒன்றுதான். அதனால்தான் 1782இல் ஒரே ஆண்டுக்குள் ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயரும், அவர்களிடமிருந்து பிரெஞ்சுத் தளபதி சுப்ரனும் திருகோணமலையைப் பறித்தார்கள். 1795இல் அது மறுபடியும் ஆங்கிலேயர் கைக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டது.

மரக்கப்பல் காலத்தில் அடிப்பக்கத்தைப் பழுதுபார்க்க டொக் கட்டாயமில்லை. நம் மீனவர் வள்ளத்தைக் கரையில் இழுத்துக் கவிழ்த்துப் பாசி சுரண்டித் தார் பூசுவதைப் போல, கப்பலின் பாரத்தை இறக்கி, ஆழங்குறைந்த இடத்தில் கயிறு கட்டி ஒருக்களித்துச் சாய்ப்பார்கள். ஒரு பக்கம் முடிந்ததும் மறுபக்கம். இரும்புக் கப்பல் வந்ததும் இந்த வித்தை செல்லாமல் போயிற்று. முப்பதினாயிரம் டன் உருக்கை எந்தக் கயிறு சாய்க்கும்? வெப்பக் கடலில் பாசியும் சிப்பியும் வேறு வேகமாகப் பிடிக்கும். அடிப்பக்கம் சொரசொரப்பானால் கப்பலின் வேகம் குறையும், எண்ணெய்ச் செலவு ஏறும். கப்பல் பெரிதாகப் பெரிதாக, அதை நீருக்கு வெளியே வைத்துப் பார்க்க ஓர் இடம் அவசியமாயிற்று.

தோண்டுவதா, மிதக்க விடுவதா?

அதற்கு இரண்டு வழி. ஒன்று, கரையில் பெரிய கிடங்கு வெட்டி, கல்லோ கொங்கிறீற்றோ கட்டி, கடல் பக்கம் கதவு போடுவது. கப்பலை உள்ளே விட்டுக் கதவை மூடித் தண்ணீரை இறைத்துவிட்டால் கப்பல் கட்டைகளின் மேல் உட்கார்ந்துவிடும். உறுதியான ஏற்பாடு, ஆனால் பாறையை வெட்டிக் கட்டி முடிக்க ஆண்டுக்கணக்காகும். நீரேற்றம் பெரிதாக உள்ள நாடுகளில் கடலே பாதி வேலையைச் செய்யும். ஏற்றத்தில் கப்பலை உள்ளே விட்டு இறக்கத்தில் தண்ணீரை வடிய விடலாம். நம் கடலில் ஏற்றத்துக்கும் வற்றுக்கும் இடையில் ஒரு மீட்டர்கூட இல்லை.

மற்றது மிதக்கும் டொக். அதை வேறெங்கோ கட்டி, இழுவைக் கப்பல் பூட்டி, வேண்டிய துறைமுகத்துக்குக் கொண்டுபோகலாம். 1928இல் இங்கிலாந்தில் கட்டிய 50,000 டன் டொக் ஒன்றை இப்படித்தான் கடல் கடந்து சிங்கப்பூருக்கு இழுத்துப் போனார்கள். 1938இல் அங்கே கரையிலும் ஒரு மாபெரும் டொக் திறந்தார்கள். கீழைக்கடலில் எந்தப் போர்க்கப்பலுக்கு எது நேர்ந்தாலும் சிங்கப்பூர் இருக்கிறது என்பதே கணக்கு. 1942 பெப்ரவரி 15ஆம் திகதி சிங்கப்பூர் விழுந்தபோது அந்தக் கணக்கும் விழுந்தது.

அதற்குப் பிறகு இந்து சமுத்திரத்தில் பெரிய போர்க்கப்பலின் அடிப்பக்கத்தைப் பார்க்க வேண்டுமென்றால் தென்னாபிரிக்காவின் டர்பன்வரை ஓட வேண்டிய நிலை. 1942 ஏப்ரல் தாக்குதலுக்குப் பின் ஆபிரிக்கக் கரைக்கு ஒதுங்கியிருந்த கீழைக் கடற்படை, 1944 தொடக்கத்தில் அட்மிரல் சொமர்வில் தலைமையில் திருகோணமலைக்குத் திரும்பியது. கப்பல்கள் வந்துவிட்டன, அவற்றைத் தூக்கிப் பார்க்க டொக் வேண்டும். தோண்டிக் கட்ட நேரமில்லை. பம்பாயில் கட்டப்பட்ட 50,000 டன் மிதக்கும் டொக் திருகோணமலைக்கு வந்து சேர்ந்தது. அதற்குக் கடற்படை வைத்த இலக்கம் 23.

தண்ணீர் குடித்து, தண்ணீர் உமிழ்ந்து

மிதக்கும் டொக் பார்வைக்குப் பெரிய இரும்புத் தொட்டி. முன்பக்கமும் பின்பக்கமும் திறந்திருக்கும் தொட்டி. குறுக்கே வெட்டிப் பார்த்தால் 'ப' எழுத்தைப் போலத் தெரியும்: கீழே தடித்த தளம், இருபுறமும் உயர்ந்த சுவர்கள். தளமும் சுவர்களும் உள்ளே வெறுமை. அந்த வெறுமையைத் தகடு வைத்துப் பல அறைகளாகப் பிரித்திருப்பார்கள். ஒவ்வோர் அறைக்கும் கடல்நீர் புகத் திறப்புவாய், வெளியேற்ற இறைப்புக் குழாய்.

வேலை இப்படி நடக்கும். திறப்புகளைத் திறந்தால் அறைகளில் கடல் புகும். டொக் மெல்ல அமிழும். சுவர்களின் மேற்பகுதி மட்டும் வெளியே தெரியும். இப்போது கப்பலை இரண்டு சுவர்களுக்கும் நடுவில் இழுத்துக் கொண்டுவந்து கயிறுகளால் நேராக நிறுத்துவார்கள். அடியில், தளத்தின் நடுக்கோட்டில், மரக்கட்டைகள் வரிசையாக அடுக்கப்பட்டுக் காத்திருக்கும். பிறகு இறைப்பான்கள் ஓடும். அறைகளிலிருந்து நீர் வெளியேற வெளியேற டொக் எழும்பும். ஒரு கட்டத்தில் கப்பலின் அடிமரம் கட்டைகளைத் தொடும். அந்த நொடிவரை கப்பலைத் தாங்கியது கடல். அதிலிருந்து ஒவ்வோர் அங்குலமாக அந்தச் சுமை கடலிடமிருந்து டொக்குக்கு மாறும். கடைசியில் கப்பல் முழுவதும் காற்றில் நிற்கும். தளத்தில் சப்பாத்து நனையாமல் ஆட்கள் நடந்து போய் அடிப்பக்கத்தைச் சுரண்டலாம்.

இதில் மந்திரம் எதுவும் இல்லை. தான் ஒதுக்கும் நீரின் எடைக்குச் சமமான பாரத்தை ஒரு மிதவை தாங்கும் என்று ஆர்க்கிமிடீஸ் சொன்னதுதான். 34,000 டன் கப்பலைத் தூக்க வேண்டுமானால் ஏறக்குறைய 33,000 கன மீட்டர் கடல்நீரை அறைகளிலிருந்து வெளியேற்ற வேண்டும். சீனக்குடாவிலிருந்து எண்ணெய் ஏற்றிக்கொண்டு போகும் 33,000 லீட்டர் பவுசர்களை நினைத்துக்கொள்ளுங்கள். அப்படி ஆயிரம் பவுசர் தண்ணீர்.

எவ்வளவு தண்ணீர் என்பது இந்தக் கணக்கில் சுலபமான பாதி. எந்த அறையிலிருந்து, எந்த வரிசையில் என்பதுதான் கடினமான பாதி.

எதிரி விட்டுவைத்த கப்பல்

அன்று டொக்கில் ஏறிய கப்பலின் பெயர் 'வேலியன்ட்'. 1914 நவம்பரில் நீரில் இறங்கியது. 1916 ஜட்லாந்துக் கடற்போரைக் கண்டது. 195 மீட்டர் அளவு நீளம். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என நான்கு பீரங்கிக் கோபுரங்கள். ஒவ்வொன்றிலும் 15 அங்குல வாயுள்ள இரட்டைப் பீரங்கி. ஒரு குண்டு ஏறக்குறைய 880 கிலோ, நம் ஊர்ச் சிறிய கார் ஒன்றின் எடை.

1941 டிசம்பர் 19ஆம் திகதி அலெக்சாண்ட்ரியாத் துறைமுகத்தில் இத்தாலியச் சுழியோடிகள் இக்கப்பலின் அடியில் வெடிகுண்டு வைத்தார்கள். வெடித்ததும் கப்பல் துறைமுகத் தரையில் உட்கார்ந்துவிட்டது. அதை எழுப்பி, டர்பனுக்குக் கொண்டுபோய்ச் செப்பனிட்டு, மறுபடியும் சண்டைக்கு அனுப்பினார்கள். 1944 ஜூலை 25ஆம் திகதி சுமாத்திராவின் வடமுனையில் ஜப்பானியர் வசமிருந்த சபாங் துறைமுகத்தின் மீது கீழைக் கடற்படை குண்டு பொழிந்தபோது அதில் 'வேலியன்ட்'டும் இருந்தது. அங்கிருந்து காயமின்றித் திருகோணமலைக்குத் திரும்பியது. இரண்டு வாரம் கழித்து டொக்கில் ஏறியது.

கப்பலை டொக்கில் ஏற்றுமுன் குண்டுகளையும் எண்ணெயையும் கூடியவரை இறக்கிவிடுவது நல்ல வழக்கம். அன்று 'வேலியன்ட்' குண்டுச்சுமையை இறக்காமலே ஏறியது. எட்டுப் பீரங்கிகளுக்கும் தலா 100 குண்டு என்று வைத்தால் குண்டுகள் மட்டுமே 700 டன். அவை கப்பல் முழுவதும் பரவிக் கிடப்பவையும் அல்ல. கோபுரங்களுக்கு நேர் கீழே, குறிப்பிட்ட இடங்களில் குவிந்து கிடப்பவை.

இறைப்பான்கள் ஓடத் தொடங்கின. அறைகளிலிருந்து நீரை எடுத்த ஒழுங்கு கப்பலின் பாரம் அமைந்திருந்த விதத்துக்குப் பொருந்தவில்லை. டொக்கின் உடலில் தாங்க முடியாத இழுவிசை ஏறி, நடு முறிந்தது. கப்பலின் உட்பக்கச் சுழல்விசிறிகள் இரண்டும் நெரிந்து இறுகிப்போயின. கொதிகலன்களில் நீராவி வைத்திருந்ததால் கப்பல் தப்பியது. டொக் அமிழ்ந்தது.

ஐந்து மீன்டின்னும் ஒரு கல்லும்

இனி அந்தக் கேள்விக்கு வருவோம். ஒரு மிதக்கும் டொக்கை நீளவாட்டில் ஐந்து துண்டாக எண்ணிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு துண்டும் 10,000 டன் தூக்கும்; மொத்தம் 50,000. அதன் மேல் 34,000 டன் கப்பல். விளங்கிக்கொள்வதற்காக நான் எடுக்கும் எண்கள்தான் இவை. அன்றைய அளவுகள் அல்ல. கப்பலின் முனைகள் ஒல்லி, நடு கனம். ஆகவே ஐந்து துண்டுகள் மீதும் விழும் பாரம் முறையே 4,000, 8,000, 10,000, 8,000, 4,000 என்று இருக்கட்டும்.

ஐந்து துண்டுகளிலும் ஒரே அளவு தண்ணீரை இறைத்தால் என்ன ஆகும்? ஒவ்வொன்றும் 6,800 டன் தூக்கும். கூட்டிப் பாருங்கள்: சரியாக 34,000. கணக்கு நேர். ஆனால் முனைத் துண்டு ஒவ்வொன்றும் தன் பாரத்தைவிட 2,800 டன் அதிகமாக மேலே தள்ளுகிறது. நடுத்துண்டுக்கோ 3,200 டன் பற்றாக்குறை. அது கீழே அழுந்துகிறது. இரண்டு முனையும் மேலே, நடு கீழே. விறகை முழங்காலில் வைத்து முறிக்கும்போது நாம் செய்வது இதையேதான், தலைகீழாக. மொத்தக் கணக்கில் ஒரு டன்கூடப் பிசகவில்லை, விறகு முறிந்துவிட்டது.

வண்டியில் ஏற்ற நீளமான தென்னங்குற்றியை ஆறு பேர் தோளில் தூக்குவதைப் பார்த்திருப்பீர்கள். ஆறு பேருக்கும் சேர்த்துப் போதிய பலம் இருக்கிறது என்பது மட்டும் போதாது. முனையில் நிற்பவர்கள் அவசரப்பட்டு நிமிர்ந்து, நடுவில் நிற்பவர்கள் இன்னும் குனிந்திருந்தால் குற்றி நடுவில் வலி எடுக்கும். "ஒண்டா... ஒண்டா..." என்று ஒருவர் குரல் கொடுப்பது பலத்தைக் கூட்டுவதற்கு அல்ல, பலத்தை இடம் பார்த்துப் பகிர்வதற்கு.

வீட்டில் செய்து பார்க்க ஒரு வழி சொல்கிறேன். மீன்கறிக்கு உடைத்த மீன்டின்களைக் கழுவி, விளிம்பைப் பத்திரமாகத் தட்டிவிட்டு ஐந்து சேர்த்து வையுங்கள். ஐந்தையும் ஒரே வரிசையில் ஒட்டுநாடாவால் இணைத்து, அகலமான பேசினில் மிதக்க விடுங்கள். நடு டின்னில் ஒரு கல்லை வையுங்கள். நடு தாழும், இரு முனையும் நிமிரும், ஒட்டுநாடா இழுபடும். இப்போது ஒரு தேக்கரண்டியால் முனை டின்களில் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விடுங்கள். அவற்றைவிடக் குறைவாக நடுவுக்குப் பக்கத்து டின்களிலும் விடுங்கள். பாரம் கூடிக்கொண்டே போகிறது. ஆனால் வளைவு குறைந்துகொண்டே வருகிறது. ஒரு கட்டத்தில் ஐந்து டின்னும் ஒரே மட்டத்தில் நிற்கும்.

முதல்முறை செய்யும்போது மனம் இதை ஏற்காது. பாரத்தால் வளைகிறதென்றால் பாரத்தைக் குறைக்க வேண்டாமா, கூட்டுவதா? டொக் ஓட்டுகிறவரின் தொழில் முழுவதும் இந்த இடத்தில்தான் இருக்கிறது. தூக்குவதற்காகத் தண்ணீரை வெளியேற்றுகிறார். ஆனால் முனை அறைகளில் வேண்டுமென்றே தண்ணீரை விட்டுவைக்கிறார். எந்தத் துண்டின் மேல் எவ்வளவு பாரம் இருக்கிறதோ அந்தத் துண்டு அவ்வளவுதான் தூக்க வேண்டும். அதை ஒரே ஒருமுறை பார்த்துவிட்டு இருக்கவும் முடியாது. கப்பல் கட்டையைத் தொட்ட கணத்திலிருந்து பாரம் நிமிடத்துக்கு நிமிடம் ஏறுகிறது. இறைப்பும் அதற்கேற்ப அறைக்கு அறை மாறிக்கொண்டே வர வேண்டும். கப்பலுக்குள் எழுநூறு டன் குண்டு எங்கே இருக்கிறது என்பது கணக்கில் வராவிட்டால், எல்லா அறைகளும் ஒழுங்காக வேலை செய்தாலும் தப்பு நேரும்.

கண்ணால் வளைவைப் பிடிப்பது

வளைகிறதா என்பதை எப்படி அறிவது? 200 மீட்டருக்கு மேல் நீளமான ஒரு இரும்பு உடல் நடுவில் சில அங்குலம் தாழ்ந்தால் மேலே நிற்பவருக்குத் தெரியவே தெரியாது. பாதைக்காரருக்குப் பலகை சாய்வது காலில் தெரியும், ஏனென்றால் பாதை சின்னது. டொக்கில் அந்த உணர்வு கிடையாது.

பழைய உபாயம் ஒன்று: சுவரின் மேல் இரண்டு முனையிலும் நடுவிலும் ஒரே உயரத்தில் குறிப்பலகை நட்டு, ஒரு முனையிலிருந்து மறுமுனையைப் பார்ப்பது. மூன்றும் ஒரே கோட்டில் தெரிந்தால் டொக் நேர். நடுக்குறி கோட்டுக்குக் கீழே போனால் நடு தொய்கிறது. மேலே வந்தால் நடு எழும்புகிறது. மற்றது இன்னும் எளிது. நம் மேசன்மார் நீர் நிரப்பிய தெளிவான பிளாஸ்டிக் குழாயை வீட்டின் ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்குப் பிடித்து மட்டம் பார்ப்பார்களே, அதே தத்துவத்தில் டொக்கின் நீளத்துக்கும் குழாய் ஓட்டி, பல இடங்களில் நீர்மட்டத்தைப் படிப்பது. தண்ணீர் பொய் சொல்லாது. இன்றைய டொக்குகளில் இதையே மின்கருவிகள் படித்துக் கட்டுப்பாட்டு அறைக்கு அனுப்புகின்றன. கருவி புதிது, கேட்கும் கேள்வி பழையதுதான்: நடு எங்கே நிற்கிறது?

நேராக ஓட முடியாத கப்பல்

டொக்கோடு கதை முடியவில்லை. 'வேலியன்ட்'டைத் தூக்கிப் பழுதுபார்க்க இனித் திருகோணமலையில் எதுவும் இல்லை. எந்தக் கப்பலைச் செப்பனிட டொக் வந்ததோ, அந்தக் கப்பலையே சேதப்படுத்திவிட்டு அது போய்விட்டது. நான்கு சுழல்விசிறிகளில் வெளிப்பக்கம் இருந்த இரண்டு மட்டும் வேலை செய்ய, கப்பல் சூயெஸ் நோக்கிப் புறப்பட்டது.

கால்வாயில் புகப் பார்த்தால் கப்பல் நேராக ஓட மறுத்தது. இறுகிப்போன இரண்டு விசிறிகளும் தண்ணீரில் இழுபட்டு அதைத் தடுமாற வைத்தன. ஒடுங்கிய கால்வாயில் போர்க்கப்பல் ஒன்று குறுக்கே சிக்கினால் முழுப் போக்குவரத்தும் நின்றுவிடும். கப்பலைச் சூயெஸ் குடாவுக்குத் திருப்பினார்கள். பீட்டர் கீபிள் என்ற கடற்படைச் சுழியோடி அழைக்கப்பட்டார். மூழ்கிய கப்பல்களை எழுப்புவதில் கைதேர்ந்தவர். விசிறிகளைத் தாங்கும் தண்டின் தடிப்பு 19 அங்குலம், ஏறக்குறைய அரை மீட்டர் உருக்கு. அதை நீருக்கடியில் வெட்டுவதற்குத் தானே மாற்றியமைத்த நெருப்புக் கருவியோடு இறங்கி அந்தப் பணியை நடத்தினார் கீபிள். தண்டுகளும் விசிறிகளும் அவற்றைத் தாங்கிய கைகளும் கழன்று கடலடிக்குப் போயின. மீதியோடு கப்பல் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தது. சண்டைக்கு அது திரும்பவில்லை. கொதிகலன் தொழிலாளருக்குப் பயிற்சி கொடுக்கும் இடமாகத் துறைமுகத்தில் நின்று, 1948இல் பழைய இரும்பாக விலைபோனது.

ஜட்லாந்தில் ஜெர்மன் கடற்படை, அலெக்சாண்ட்ரியாவில் இத்தாலியச் சுழியோடிகள், சபாங்கில் ஜப்பானியக் கரைப்பீரங்கிகள் என மூன்று எதிரிகளும் முடித்துவைக்காத கப்பலைத் திருகோணமலையின் அமைதியான நீரில் சில அறைகளின் தண்ணீர் முடித்துவைத்தது.

கடலடியில் ஒரு பாடம்

1957 அக்டோபர் 15ஆம் திகதி திருகோணமலைக் கடற்படைத்தளம் இலங்கையிடம் ஒப்படைக்கப்பட்டது. டொக்யாட் என்ற பெயர் மட்டும் நின்றுவிட்டது. நகரில் இன்றைக்கும் 'டொக்யாட் ரோட்' என்றால் யாரும் வழி காட்டுவார்கள். டொக் எங்கே என்று கேட்டால் சிரிப்பார்கள். அதன் சிதைவு திருகோணமலைக் கடலடியில் கிடக்கிறது. தகடுகளில் பவளமும் கடற்பஞ்சும் படர்ந்துவிட்டன. மீன்கள் அறைக்கு அறை போய்வருகின்றன. சுழியோடப் போகிறவர்கள் அதைப் பார்த்து வருகிறார்கள்.

நம் பள்ளிக்கூடங்களில் மிதப்பு விதியைச் சொல்லிக் கொடுக்கும்போது கரும்பலகையில் ஒரு பெட்டியும் ஒரு அம்புக்குறியும் போடுவோம். பாரம் கீழே, உதைப்பு மேலே, இரண்டும் சமம், மிதக்கிறது. சரியான பாடம்தான். ஆனால் அந்தப் பெட்டிக்கு நீளம் இல்லை. நீளம் வந்ததும் அம்புக்குறி ஒன்று போதாது. இடத்துக்கு இடம் ஒன்று வேண்டும். ஐம்பதினாயிரம் டன் என்ற எண்ணில் இந்த விஷயம் இல்லை. கிண்ணியாவில் "நடுவுக்கு வா தம்பி" என்று கத்திய மனிதருக்கு அது தெரிந்திருந்தது. தான் எவ்வளவு தூக்கும் என்று அவர் லொறிக்காரரிடம் ஒருநாளும் சொன்னதில்லை. எங்கே நிற்க வேண்டும் என்று மட்டுமே சொன்னார்.

இந்த வாரம் சூயெஸ் குடாவில் கப்பலுக்கு அடியில் இறங்கிய ஒரு சுழியோடியைப் பார்த்தோம். 1956இல் வேறு இரண்டு பேர் மூச்சுக்கருவி கட்டிக்கொண்டு, கோணேசர் மலை எனும் சுவாமி மலையின் அடிவாரக் கடலில் இறங்கினார்கள். ஒருவர் ஆர்தர் சி. கிளார்க், மற்றவர் மைக் வில்சன். அவர்கள் தேடிப் போனது மீனும் பவளமும். பார்த்தது செதுக்கிய கற்றூண்கள்.

(அடுத்த வாரம்: கோணேசர் மலையடியில் மூச்சுக்கருவி)